இன்றைக்கு மேலத் தெரு முறை

நாள் 1. காலை 09:20

தண்ணிழல் முதியோர் இல்லம், நிலா. மதிப்பீட்டுப் பதிவு தொடங்குகிறது. எழுதுபவர் ஜெயக்கனி, வயது ஐம்பத்தொன்று, முதியோர் இல்லங்களுக்கு மதிப்பெண் போடுகிற உத்தியோகம். இந்தக் கருவியில் ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாது. எனக்குப் பின்னால் யாராவது சரிபார்க்க வருவார்கள் அல்லவா, அவர்களுக்காக அப்படி.

மறதி நோய் முற்றியவர்கள் இருபத்திரண்டு பேர். பொறுப்பாளர் கதிஜா பீவி, காயல்பட்டினத்துக்காரர். இங்கே இருக்கிற ஒரே மனிதப் பணியாள் அவர்தான். மற்ற ஆறும் இயந்திரங்கள். நிலாவில் எதற்கு இப்படி ஓர் இல்லம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. விழுந்தாலும் இடுப்பெலும்பு உடையாது. ஆனால் இரண்டு வருடம் இருந்துவிட்டால் அந்த எலும்பு பூமியைத் தாங்காது. வந்தவர்கள் வந்தவர்கள்தான்.

மேல் கூடத்தில் அறைகள். கீழ்த் தாழ்வாரத்தில் சரக்கறையும் காற்றுக் குழாய்களும். நடுவில் காப்புக்கதவு. காற்று குறைந்தால் அது தானே மூடிக்கொள்ளும், மீட்புக்குழு வந்து சாவி போட்டால்தான் திறக்கும். உள்ளே இருப்பவர்கள் தெரியாமல் திறந்துவிடாதிருக்க நல்ல ஏற்பாடு. முழு மதிப்பெண் கொடுத்தேன். கீழே சரக்கு வாசலில் லேசான காற்றுக் கசிவு இருக்கிறது. இரண்டு கழித்தேன். சாம்பாரில் உப்பில்லை. அதற்கும் ஒன்று கழித்தேன்.

நாள் 1. மாலை 17:40

ஒன்றை மறைத்து வந்திருக்கிறேன். அழிக்க முடியாத கருவியில் எழுதிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பதினான்காம் அறை சுயம்புலிங்கம், வயது எழுபத்தொன்பது, என் அப்பா. என் பெயருக்கு முன்னால் கணவரின் தலைப்பெழுத்து இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. உறவினர் இருக்கும் இல்லத்துக்கு மதிப்பெண் போடக் கூடாதென்பது விதி. உறவினராக வந்து பார்க்கவோ நான்கு வருடக் காத்திருப்பு. குறுக்கு வழியில் வந்தேன்.

ஆறு வருடங்களுக்கு முன் அவரை இங்கே அனுப்பியவள் நான்தான். விழுந்தால் உடையாது என்று எல்லோரிடமும் சொன்னேன். காலையில் எழுந்து கதவைத் தட்டுகிறவரை வைத்துச் சமாளிக்க முடியவில்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

மதியம் அவர் அறைக்குப் போனேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்தத் தெரு தாயி? புகார்னா ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

நாள் 2. காலை 06:15

அப்பா முப்பத்தோரு வருடம் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிட்டவர். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் அவர்தான் முக்கியஸ்தர். மேலத் தெருவுக்குத் திறந்தால் கீழத் தெருவுக்கு மூட வேண்டும். திறந்ததும் வால்வின் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் ஒளித்து வைப்பார், இல்லாவிட்டால் அடுத்த தெருக்காரர்கள் வந்து திருப்பிவிடுவார்கள். எங்கே ஒளிக்கிறார் என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்களிடம் சொன்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் நைசாகப் பேசிக் கறந்துவிடுவார்களாம்.

இங்கே அவருக்கு ஒரு வால்வு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் சிவப்புக் குழாய், அதற்கொரு இரும்புச் சாவி. குழாய்க்குள் ஒன்றும் இல்லை. காலை ஐந்தரைக்கு வந்தார். நாலரைச் சுற்றுத் திருப்பினார். குழாயில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அறை அறையாகப் போனார்: "தண்ணி வருது. பிடிச்சு வச்சுக்கிடுங்க."

இருபத்தோரு பேரும் டம்ளரோடு வந்து வரிசையில் நின்றார்கள். இயந்திரங்கள் ஊற்றின. எல்லோரும் குடித்தார்கள். தண்ணீர் குடிக்க மறுப்பதுதான் இந்த நோயாளிகளிடம் பெரிய தொல்லை. இங்கே அந்தத் தொல்லையே இல்லை. நீர் அருந்தும் அளவு: மிக நன்று.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கடைசி இரண்டு வருடம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நாள் 2. பகல் 11:00

பிரிவு ஏழு, ஏமாற்றாமை. பன்னிரண்டுக்கு ஒன்று.

உறைவோரைப் பொய்யான பொருள் காட்டி அமைதிப்படுத்தக் கூடாது. அந்த வரியைக் குழுவில் எழுதியவளே நான்தான், கைதட்டினார்கள். மொத்தம் எண்பது. எண்பத்தைந்துக்குக் கீழே போனால் இல்லத்தின் அனுமதி மறுபரிசீலனைக்குப் போகும்.

கதிஜா என்னை அறைக்கு வெளியே கூப்பிட்டார். கருவி பதிவு செய்தது இது: "அண்ணாச்சி ஏமாறலம்மா. வேலைக்குப் போறாங்க. வேலை முடிஞ்சு திரும்புறாங்க. இதுல பொய் எங்கிட்டு இருக்கு?"

விதி விதிதான் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நாள் 3. காலை 10:30

பொய்வால்வைக் கழற்றிவிட்டார்கள். கதிஜா தானே கீழே தூக்கிக்கொண்டு போனார். தாழ்வாரத்துக் கடைசியில் வைத்துக்கொண்டிருந்தவரை, மறுமதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வேண்டுமென்று இன்டர்காமில் கூப்பிட்டேன். பிறகு போடுகிறேன் என்றார். இப்போதே வேண்டும் என்றேன். போட்டதைப் போட்டபடி மேலே ஓடி வந்தார்.

பிரிவு ஏழு, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மொத்தம் தொண்ணூற்றொன்று. 'நேர்மையான இல்லம்' என்று சான்றிதழில் எழுதினேன்.

நாள் 4. காலை 06:50

இன்று யாரும் வரிசையில் வரவில்லை. ஐந்தரைக்கு அப்பா வெற்றுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாராம். பிறகு எங்கோ போய்விட்டு ஆறரைக்குக் கூடத்துக்குத் திரும்பி, வழக்கம்போல் தண்ணி வருது என்று கதவு கதவாகச் சொல்லியிருக்கிறார். இயந்திரங்கள் ஊற்றவில்லை. ஊற்றக் கூடாதென்பது என் குறிப்பு. நான் சரக்கறை இருப்பைச் சரிபார்க்கக் கீழ்த் தாழ்வாரத்துக்கு வந்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்வதானால் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து வந்திருக்கிறேன். பொய்யைக் கண்டு நான் கோபப்படவில்லை. என்னால் கொடுக்க முடியாத சிரிப்பை ஒரு வெறுங்குழாய் கொடுத்ததே, அதற்குத்தான் மதிப்பெண் கழித்தேன்.

நாள் 4. காலை 07:05

காப்புக்கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு மேலே கதிஜாவும் இருபத்திரண்டு பேரும். கீழே நான் மட்டும்.

மேல் கூடத்துக்குக் காற்று போகவில்லை. திரை சொல்கிறது: இரண்டு மணி பத்து நிமிடம் தாங்கும். நகரத்திலிருந்து மீட்பு வண்டி வர ஏழு மணி நேரம்.

நாள் 4. காலை 07:25

காரணம் தெரிந்துவிட்டது. தாழ்வாரத்துக் கடைசியில் கைவால்வு ஒன்று இருக்கிறது. மின்சாரம் போனால் காற்றைக் கையால் திருப்பிவிட வைத்தது, இயந்திரங்களால் அதை மீற முடியாது. ஒரு பக்கம் திருப்பினால் மேலே போகும், மறுபக்கம் திருப்பினால் கீழே. அதன் கம்பிக்கூண்டு திறந்து கிடக்கிறது. பொய்வால்வை உள்ளே வைத்துப் பூட்ட நேற்றுக் கதிஜா திறந்த கூண்டு. பூட்டாமல் ஓடி வந்தது என் கையெழுத்துக்காக.

வால்வு முழுக்கக் கீழ்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. நாலரைச் சுற்றாகத்தான் இருக்கும். கைப்பிடி இல்லை. பொய்வால்வின் சாவி இதற்குப் பொருந்தவில்லை. இடுக்கியால் முயன்றேன், வழுக்குகிறது.

ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் அப்பா இங்கேதான் வந்திருக்கிறார். திருப்பிவிட்டுக் கைப்பிடியை ஒளித்து வைத்திருக்கிறார். முப்பத்தோரு வருடப் பழக்கம்.

நாள் 4. காலை 07:50

கதிஜா அவரை இன்டர்காமுக்கு அழைத்து வந்தார். அப்பா, நான் கனி, சாவி எங்கே என்றேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக அப்பா என்கிறேன்.

"வீட்டுல உள்ளவங்களுக்குச் சொல்லுத வழக்கம் எனக்குக் கிடையாது."

அழுதேன். கெஞ்சினேன். மேலே மூச்சுத் திணறுகிறது, நீங்கள் செத்துப்போவீர்கள் என்றேன். அத்தனையும் உண்மை. "சாவி கேட்டு அழுத ஆளை நெறைய பாத்தாச்சு" என்று போய்விட்டார்.

நாள் 4. காலை 08:10

சரக்கறையில் முந்நூறு பெட்டிகள். நாற்பதைப் பிரித்துவிட்டேன். கதிஜா பேசினார். மூன்று பேர் எழுந்திருக்கவில்லையாம். அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாள் 4. காலை 08:20

எப்படிக் கேட்க வேண்டுமென்று புரிந்துவிட்டது. வேலை முடிந்து போகும்போது அவர் சாவியை ஒரே ஓர் ஆளிடம்தான் கொடுப்பார். அடுத்த முறைக்கு வருகிறவரிடம்.

பிரிவு ஏழை எழுதியவள் இப்போது பொய் சொல்லப் போகிறாள். பதிவாகட்டும்.

"அண்ணாச்சி, நான் அடுத்த ட்யூட்டி. ஆபீஸ்ல அனுப்பியிருக்காங்க. சாவியை ஒப்படைச்சிட்டு நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க."

"எத்தனை மணிக்கு வரணும்? ஏழு மணி ட்யூட்டிக்கு இப்பத்தான் விடிஞ்சுதாக்கும்?"

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. பஸ் கெடைக்கல."

"புதுசா? சரி, கேட்டுக்கிடுங்க. கீழ டயப்பர் பெட்டி அடுக்கியிருக்குல்லா, மூணாவது அடுக்குக்குப் பின்னால சொருகியிருக்கேன். நாலரைச் சுத்து. ஒரேயடியாத் திருப்பாதீங்க, குழாய் வெடிச்சிரும். யாருட்டயும் சொல்லாதீங்க. எம் மவ வந்து கேட்டாலும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

நாள் 4. காலை 08:40

கைப்பிடி கிடைத்தது. முதலில் பாதி திருப்பி வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பிழைக்கட்டும் என்று. இருபத்து மூன்று பேருக்கு அந்தப் பாதி போதவில்லை. மேலே எண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கும் வாழ ஆசைதான். பத்து நிமிடம் அந்தப் பாதியிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நாள் 4. காலை 08:55

மெதுவாகத் திருப்பினேன். நாலரைச் சுற்றும் மேலத் தெருவுக்கு.

கீழ்த் தாழ்வாரத்துக்கு இனிக் காற்று வராது. சரக்கு வாசலில் கசிகிறது, நான் இரண்டு மதிப்பெண் கழித்த அதே கசிவு. திரையில் மூன்று மணி நேரம் காட்டுகிறது. மீட்பு வண்டிக்கு இன்னும் ஐந்தேகால். விண்ணுடை எல்லாம் மேலே. கந்தலைத் திணித்துப் பார்த்தேன், டயப்பரைத் திணித்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது. போதாது.

நாள் 4. காலை 09:40

மூவரும் கண் விழித்துவிட்டார்கள் என்று கதிஜா சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார், அண்ணாச்சி உங்க வாப்பாவா என்று. ஆமாம் என்றேன்.

இயந்திரங்களைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள் என்றேன். ஊற்றுகின்றன. டம்ளர் சத்தம் கேட்கிறது.

நாள் 4. பகல் 10:50

திருத்தம். பிரிவு ஏழு தவறு, எழுதிய நான் தவறு. வால்வைத் திரும்ப மாட்டவும். கூண்டு திறந்திருந்ததற்குக் கதிஜா பீவி பொறுப்பல்ல, கூப்பிட்டவள் பொறுப்பு. இல்லத்துக்கு நூறு. சாம்பாருக்குக் கழித்ததையும் திருப்பித் தந்துவிட்டேன்.

தலை வலிக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. விழுந்தால் உடையாது என்று அனுப்பினேன் அப்பா. உங்களை அல்ல, என் தூக்கத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

நாள் 4. பகல் 11:35

குளிர். உட்கார்ந்துவிட்டேன். கதவை யாரோ தட்டுகிறார்கள். கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறவர்தான். இன்டர்காமில் அவர்

"உள்ள யாரு தாயி? இன்னைக்கு மேலத் தெரு முறை. உங்களுக்கு நாளைக்குக் காலையில தொறந்து விடுதேன். குடத்தை மட்டும் வச்சிட்டுப் போங்க."

சரி அண்ணாச்சி என்றேன்

வச்சிட்டியளா என்று இன்னொரு தடவை கேட்கிறார், பதில் சொல்லாமல் போக மாட்டார், எப்போதும் அப்படித்தான்

வச்சிட்டேன் என்று சொன்னேன்