மீனில்லாத குளம்

மஹய்யாவ, கண்டி.
1938 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை. பிற்பகல் 4 மணி 10 நிமிடம்.

மடல் இலக்கம் 1
பொருள்: வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இன்று விடப்பட்ட மீன்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

இன்று காலை பத்து மணியளவில், சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் தகர வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு முற்றத்துக்கு வந்தார். வாளிக்குள் விரல் நகத்தளவில் பத்துப் பன்னிரண்டு மீன்கள் இருந்தன. நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை. நீருக்குள் நீரே சற்றுத் தடித்து அசைவதைப்போல அசைந்தன. வாளியின் மேல் குனிந்தபோது ஓடை நீரின் பச்சை வாடை மேலெழுந்து என் முகத்தில் பட்டது. நான்கு ஆண்டுகளாக நான் முகராத வாடை அது.

"தொட்டி மூடியக் கொஞ்சம் தொறங்க ஐயா. மீன் விடணும்" என்றார் அவர்.

ஏன் என்று கேட்டேன். உத்தியோகத்தில் இருந்த காலத்திலிருந்தே காரணம் கேட்காமல் எதற்கும் இணங்காதவன் நான் என்பது உமக்குத் தெரியும்.

"நுளம்புக் குஞ்சைத் தின்னுரும் ஐயா. கடிச்சா மலேரியாக் காச்சல் தர்ற நுளம்பு."

"இது குடிநீர்த் தொட்டி. அழுக்கு இல்லை. அழுக்குத் தெருச் சாக்கடைக் கானில் இருக்கிறது. அங்கே போய் விடும்."

அவர் சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கான்ல வர்றது வேற நுளம்புங்க. இந்தக் காச்சல் நுளம்புக்கு அழுக்கே ஆகாது. தெளிஞ்ச தண்ணி வேணும். ஓடக் கூடாது. வெயில் படணும். தின்ன மீன் இருக்கக் கூடாது. அம்புட்டும் அமைஞ்சா, நாமளே பாத்துப் பாத்து வளத்த மாதிரிதான்."

மச்சான், அவர் பொதுவாகத்தான் சொன்னார். எனக்கோ கலகெதரவில் நம் நிலத்தின் தென்கோடியில் இருந்த குளத்தை அவர் ஒவ்வோர் அங்கமாக விவரிப்பதைப்போல் இருந்தது. தொட்டியின் மூடியை நானே திறந்து கொடுத்தேன்.

இதைச் சொல்வதற்கு எனக்கு உயிரோடு ஒருவரும் இல்லை. ஆகவே உமக்கு எழுதுகிறேன்.

நாம் கலகெதரவுக்குக் குடிபோனது 1934 ஏப்ரல் 1 என்று உம் வீட்டுக்காரி, என் தங்கச்சி, இன்றும் சொல்லி வருகிறாள். அது தவறு. முதலாம் திகதி ஞாயிறு. நாம் போனது மறுநாள், ஈஸ்டர் விடுமுறைத் திங்கள். நீர் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த தேயிலைக் கொம்பனி, விலை விழுந்ததைக் காரணம் காட்டி உம்மை நிறுத்தியிருந்தது. உம்முடைய தமையனார் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் போட்டிருந்தார்: குடும்பத்தோடு வந்துவிடும்படியும், மேற்கு அறையை ஒழித்துத் தருவதாகவும். அதை நீர் இருமுறை வாசித்து மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது.

"நல்ல மனிசன். ஆனால் மச்சான், அந்த அறைக்குள்ள போனால் நான் ஆரும் கூப்பிட்டால்தான் சாப்பிடப் போகவேணும். பவளம் அதைப் பார்த்து வளரப்படாது."

உம் மகள் பவளத்துக்கு அப்போது ஒன்பது வயது.

கடைக்காரர் காசிம் நானாவிடம் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தீர். தைப்பொங்கல் வரைக்கும் தவணை வைத்தீர்: அதற்குள் நான்கு பேர் தங்கள் கையால் விளைந்ததை உண்டு வாழ முடியுமானால் அங்கேயே இருப்பது, முடியாவிட்டால் மேற்கு அறை. கடையில் வாங்கலாமென்று நீர் அனுமதித்தவை உப்பு, நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய் ஆகிய மூன்றுமே. அந்த ஆண்டு ஜனவரியில் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியிருந்த நானும் என் கதிரையையும் அலுமாரியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு உங்களோடு வந்தேன்.

முதல் மாதங்கள் என் வாழ்வின் நல்ல மாதங்கள். இதை நான் எளிதில் எழுதுபவன் அல்லன். மரவள்ளி, குரக்கன், பயற்றை, கத்தரி என்று பாத்தி பிரித்தோம். நான் ஒவ்வொரு பாத்தியிலும் விதை ஊன்றிய திகதியை எழுதித் தடி நட்டேன். நீர் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "என்ன சேர், பயற்றங்காய்க்கும் பைல் இலக்கம் குடுத்தாச்சோ? குறிச்ச திகதிக்கு முளைக்காட்டி விளக்கம் கேட்டு எழுதுவியளோ?" என்றீர். பவளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பயற்றை குறித்த திகதிக்கு ஒரு நாள் முன்னரே முளைத்தது. அதற்கும் நீர் என்னைச் சும்மா விடவில்லை.

ஒரு மதியம். ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை. வாழையிலையில் குரக்கன் பிட்டு, ஈரப்பலாக்காய்க் கறி, பயற்றங்காய்ப் பால்கறி, மாங்காய்ச் சம்பல். காசிம் நானா குத்தகை விடயமாக வந்தவர், நம்முடன் அமர்ந்து உண்டார். நீர் இலையைச் சுட்டிக் காட்டி, "நானா, இதில உப்பு ஒண்டுதான் உங்கட கடையில வாங்கினது" என்றீர்.

"மெய்தானா? அப்ப உப்பு மட்டும் வெளய உட்டுராதீங்க, தொர. அதுவும் வெளஞ்சா நான் கடைய பூட்டிட்டு ஒங்கள்ட்டதான் கூலிக்கு வரணும்."

வேலை போன பின் நீர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மழை அந்த ஆண்டு ஏமாற்றிவிட்டது. மே மாதத்தில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை. ஜூலையில் நம் நிலத்தோரத்து ஓடை நூலாகச் சுருங்கிக் கற்களுக்கிடையே ஒளிந்து ஓடியது. கண்டிக்காரர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்செறிந்துவிட்டுப் போனார்கள். நம்மால் அது முடியவில்லை. கிணற்று நீரை வாளி வாளியாய் இறைத்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு சொட்டு வீணே கடந்து போவதைக் கண்டால் நம் ஊராருக்கு நெஞ்சு பதறும்.

"பாருமன் மச்சான், ஆருடையவோ கடலுக்குப் போகுது!" என்றீர், களவு நடப்பதைக் கண்டவரைப்போல்.

மறுநாளே ஓடைப் படுகையைத் தோண்டி, கல் அடுக்கி, களிமண்ணும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் அடைத்துக் குளம் ஒன்றைக் கட்டினோம். நீளம் இரண்டு பாய் விரித்த அளவு, ஆழம் பவளத்தின் இடுப்பளவு. இலை விழுந்து தண்ணீர் கெடக் கூடாதென்று மேலே கவிந்திருந்த கிளைகளை நீர் ஏறி வெட்டினீர். காலை முதல் மாலை வரை வெயில் அதன் அடிமணல் வரை இறங்கிற்று. தங்கச்சி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு குறை சொன்னாள்.

"மீன் ஓடுது. இஞ்சாருங்கோ, இது சாமிக்கு வைக்கிற தண்ணியல்லோ. மச்சம் கிடந்த தண்ணியில நான் அரிசி களைய மாட்டன்."

அவள் பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சைவமாய் இருந்த வீட்டில் வேறென்ன கேட்பாள்? அவற்றைக் கொல்லவும் நம்மால் ஆகாது. ஆகவே அந்த வேலையைப் பவளம் ஏற்றுக்கொண்டாள். தன் சிறிய பித்தளைச் செம்பால் ஒவ்வொரு மீனாக மொண்டு, தளும்பாமல் இரு கைகளாலும் ஏந்தி, கீழே தாழைப் புதர் அருகில் இருந்த நிழற்குட்டையில் கொண்டுபோய் விட்டாள். ஒவ்வொன்றிடமும் ஏதோ சொல்லித்தான் விட்டாள்.

"மாமா, இதுகள் வழி கண்டுபிடிச்சுத் திரும்பி வந்தால் என்ன செய்யிறது?"

நான் பதில் யோசிப்பதற்குள் நீர் முந்திக்கொண்டீர். "மாமா ஒரு அறிவித்தல் எழுதி ஒட்டுவார். 'இக்குளத்தினுள் மீன்கள் பிரவேசித்தல் தடை. மீறுவோர் தண்டிக்கப்படுவர்.' கீழ கையொப்பமும் வைப்பார்."

அதன் பின் ஒவ்வொரு காலையும் பள்ளிக்குப் போகுமுன், சிரட்டை அகப்பையின் வாயில் மல்துணி கட்டி, நீரின் மேலிருந்த தூசியையும் பாசியையும் அவள் வடித்தெடுத்தாள். ஊரில் கிணறுகள் வற்றின. நம் குளம் வற்றவில்லை. காசிம் நானா வீட்டாரும் குடத்தோடு வந்தார்கள். "யாழ்ப்பாணத்தார் கொளம், கண்ணாடி மாதிரி" என்று கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் அவர் சொன்னார். செப்டெம்பரில் நம் பாத்திகள் மட்டும் பச்சையாக நின்றன. தைப்பொங்கலுக்கு இனிப் பயமில்லை என்று தமையனாருக்கு எழுதிவிட்டீர். அந்தக் கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்டது பவளம்.

காய்ச்சல் ஒக்டோபர் கடைசியில் வந்தது. முதலில் காசிம் நானாவின் மருமகள், பின்னர் தங்கச்சி, பின்னர் நான், பிறகு பவளம். உம்மை அது கடைசியாகத்தான் பிடித்தது. ஆகவே எங்கள் எல்லோருக்கும் கொயினா மருந்து கரைத்துக் கொடுத்தவர் நீரே. குளிர் எடுத்து உடம்பு உதறும்போது சாக்கு, பாய், என் பழைய கோட்டு எல்லாவற்றையும் மேலே போட்டு, அவற்றின் மேல் நீரும் சாய்ந்து அமுக்கிப் பிடித்திருந்தீர். பவளம் தண்ணீர் கேட்டாள். குளத்துத் தண்ணீர்தான் வேண்டுமென்றாள். நீர் அவள் செம்பிலேயே கொண்டுவந்து கொடுத்தீர். நவம்பர் 27, செவ்வாய்க்கிழமை, பொழுது விடிந்த பிறகு அவள் போய்விட்டாள்.

அதன் பின் நீர் பேசியவை சில வசனங்களே. ஜனவரி முதல் வாரத்தில் உமக்கு மூன்றாம் முறையாகக் காய்ச்சல் திரும்பியபோது, என்னை அருகில் அழைத்துக் கேட்டீர்.

"மச்சான், குளம் இருக்கோ?"

"இருக்கிறது. தெளிவாக இருக்கிறது" என்றேன். மார்கழி மழை அதை உடைத்துக்கொண்டு போய் இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன.

"பிள்ளை பார்த்த வேலை. அதெண்டாலும் மிஞ்சட்டும். நல்ல தண்ணி குடிச்சாள், என்ன?"

"ஓம்" என்றேன்.

1935 ஜனவரி 9, புதன்கிழமை, நீரும் போய்விட்டீர். தவணைக்கு ஐந்து நாட்கள் இருந்தன.

எதையும் நிரூபிக்க என்னால் முடியாது என்பதை ஒழுங்குக்காக இங்கே பதிவு செய்கிறேன். அந்த ஆண்டு ஆறுகள் எல்லாம் குட்டை குட்டையாய் அறுந்து கிடந்தன. குளம் கட்டாத ஊர்களிலும் காய்ச்சல் வந்தது. நம் வீட்டுக்கு வந்த நுளம்பு எந்த நீரில் பிறந்தது என்று எவரும் சொல்ல முடியாது. இந்த வாதத்தை இன்று காலையிலிருந்து பல முறை எனக்குள் எடுத்துரைத்துவிட்டேன். குறைசொல்ல இடமில்லாத வாதம். ஆயினும் அது முடியும் ஒவ்வொரு முறையும் அவள் செம்பைத் தளும்பாமல் ஏந்திக்கொண்டு ஓடையோரம் நடக்கிறாள். செம்புக்குள் அந்த மீன் இருக்கிறது. அவளைத் திரும்பச் சொல்லி என்னால் கூப்பிட முடியவில்லை.

காசிம் நானா உம்முடைய எட்டுச் செலவுச் சடங்கன்று வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய மருமகளும் முந்திய மாதத் தொடக்கத்தில்தான் காய்ச்சலில் மௌத்தாகியிருந்தாள். "என்ன செய்ய, அல்லாஹ்ட நாட்டம். கடைசி மட்டும் ஒங்கட கொளத்துத் தண்ணியாவது அவக்குக் கெடச்சிச்சே" என்றார். அந்த நன்றியை நான் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, வைத்திருக்கவும் இயலவில்லை.

பதினொரு மணிக்குத் தங்கச்சி கோயிலிலிருந்து வந்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணை இது, குடிக்கிற தண்ணிக்குள்ள மச்சம்?"

"அரசாங்கக் கட்டளை" என்றேன்.

"என்னத்துக்காம்?"

நான் சால்வையைச் சரிசெய்தேன். "கட்டளைக்குக் காரணம் எழுதியிருக்கவில்லை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காரணம் கேட்காமல் நான் இணங்கியிருக்கிறேன் என்பது அவளுக்குப் புதுமையாக இருந்திருக்கும். பிறகு உள்ளே போய்ப் பவளத்தின் செம்பை எடுத்துக்கொண்டு வந்து தொட்டியருகில் நின்றாள்.

"பிள்ளை இருந்தால் இதுக்குள்ள எல்லாத்தையும் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டிருப்பாள். எவ்வளவு பக்குவமாய் வைச்சிருந்தாள் அந்தக் குளத்தை. ஒரு தூசி இருக்காது. கடைசி மட்டும் நல்ல தண்ணி குடிச்சாள், என்ன அண்ணை?"

மச்சான், நீர் கேட்ட அதே கேள்வி. நான்கு ஆண்டுகளாக வாரத்துக்கு ஒரு முறையேனும் அவள் இதைக் கேட்கிறாள். அவளிடம் எஞ்சியிருப்பது அந்தத் தண்ணீர் ஒன்றே. நேற்று வரை நான் சொன்ன "ஓம்" உண்மை.

"ஓம்" என்றேன்.

செம்பில் தெருக்குழாய்த் தண்ணீர் பிடித்துவர அவள் படலையைத் திறந்துகொண்டு போனாள். இனிமேல் தொட்டித் தண்ணீரை அவள் குடிக்கமாட்டாள். நான் குடிக்கிறேன். மீன்கள் அப்படியே இருக்கின்றன; இதை எழுதுமுன் ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

இதை அறியாமலே நீர் போய்விட்டதால் இன்று முதல்முறையாக உம்முடைய சாவில் ஓர் ஆறுதல் கண்டேன். அப்படி ஓர் ஆறுதலைத் தேடும் நிலைக்கு வந்துவிட்டேன் என்பதையும் உம்மிடமே சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கு முன் நான் போய்விட்டால் நல்லது. இல்லையேல் அவள் கேட்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லை நான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு.

இங்ஙனம்,
உம்முடைய மச்சான்.

இத்துடன் இணைக்கப்பட்டவை:
1. கலகெதரப் பயற்றை விதை, ஒரு சிறு பொட்டலம். 1934 செப்டெம்பரில் எடுத்தது. இனி முளைக்காது.
2. சிரட்டை அகப்பையில் கட்டியிருந்த மல்துணி. துவைக்கப்படவில்லை.
3. பாத்தித் தடி ஒன்று. திகதி அழிந்துவிட்டது, எனக்கு நினைவிருக்கிறது.

செம்பு இணைக்கப்படவில்லை. அது அன்றாடப் பாவனையில் உள்ளது.

பிரதி: எவருக்கும் இல்லை.