பொன்னி அக்காவின் இரண்டாவது பதிவு

இன்று காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். "ஏனுங்க அக்கா, ஒரு நகல் எடுக்கறதுக்கு இந்த பட்டன் எதுக்குங்க இத்தனை கேள்வி கேக்குது?" அந்தப் பட்டனுக்கான நிரலை எழுதியவன் நீ. எழுந்து வெளியே போய் நின்றேன். ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது.

சேலத்தில் ஒரே வகுப்பில் படித்துவிட்டு இந்த மலைக்கே திரும்பி வந்தவர்கள் நாம். இங்கே ஒரு சின்ன மருத்துவமனைக்கு நோயாளிகளின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுத்தோம். தோட்டத் தொழிலாளர்கள் ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், புது எஸ்டேட்டின் பேரில் புதுப் பதிவு வேண்டும். பழையதை நகலெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. டேட்டாபேஸில் கிடக்கும் வரிகளை நிரல் கையாளும் ஒரே பொட்டலமாக, ஆப்ஜெக்டாக, மாற்றிக் கையில் கொடுக்க ஓ.ஆர்.எம். என்ற கருவி இருந்ததால் சுலபம் என்று நினைத்தேன். ஆப்ஜெக்டின் அடையாள எண்ணை நீக்கிவிட்டுச் சேமித்தால், டேட்டாபேஸ் அதைப் புதியதென்று எடுத்துக்கொண்டு வேறு எண் கொடுத்துவிடும். மூன்றே வரி நிரல். பெயர், வயது, ஊர், ஒவ்வாத மருந்துகளின் பட்டியல், எல்லாம் திரையில் வந்தன.

"பதிவ ஒருக்கா மூடிட்டுத் திரும்பத் தொறந்து பாரு" என்றாய்.

பார்த்துவிட்டேன் என்றேன். பார்க்கவில்லை.

ஒவ்வாத மருந்துகள் டேட்டாபேஸின் வேறொரு டேபிளில், பழைய எண்ணோடு கட்டப்பட்டிருந்தன. அவை நகலோடு வரவே இல்லை. திரையில் நான் பார்த்தது, அந்த ஆப்ஜெக்ட் முன்பே படித்துத் தன் நினைவில் வைத்திருந்த பழைய பட்டியல். மூடித் திறந்திருந்தால் அந்த இடம் காலியாக வந்திருக்கும்.

வேறு எஸ்டேட்டுக்கு மாறி வெள்ளக்கடைப் பக்கம் குடிபோயிருந்த தொழிலாளி பொன்னி அக்கா காய்ச்சலோடு வந்த அன்று, அவருடைய புதுப் பதிவில் ஒவ்வாத மருந்துகளின் இடம் காலியாக இருந்தது. அவருக்கு ஒவ்வாத ஊசியையே போட்டுவிட்டார்கள். முகம் வீங்கி மூச்சு அடைத்து, அவரை ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அடிவாரம் தாண்டிவிட்டோம், உயிர் இருக்கிறது என்று கூடப்போன நர்ஸ் போனில் சொல்லும்வரை நீ என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பிறகு எழுந்து அந்தப் பட்டனை நிறுத்தினாய். அதுவரை நகலெடுத்த ஒவ்வொரு பதிவையும் பழையதோடு வைத்துச் சரிபார்த்தாய். எதைக் கூடவே நகலெடுக்க வேண்டும், எதை இரண்டு பதிவுகளும் பகிர்ந்துகொள்ளலாம், எதைப் பழையதோடு விட்டுவிடலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும்படி அந்தப் பட்டனைப் புதிதாக எழுதினாய்.

பொன்னி அக்கா பிழைத்து ஊர் திரும்பினார். நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு விடியலில் உன் இதயம் நின்றுபோனது. முப்பத்து நான்கு வயது. துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பொன்னி அக்காவும் இருந்தார். நான் யாரென்று தெரியாமலே என் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

"நான் ஊட்டுக்கு வந்த மறுநாளே இந்தத் தம்பி தேடிக்கிட்டு வந்துச்சு. கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணுனது நான்தானுங்க, மன்னிச்சுக்கங்கன்னு நின்னுச்சு. நொம்ப வெசனப்பட்டுச்சு கண்ணு."

நீ இதை என்னிடம் சொன்னதே இல்லை. மூடித் திறந்து பார்த்தேன் என்று நான் சொன்னது பொய் என்பது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதையும் கேட்டதில்லை.

"அந்தத் தப்பு அவனுது இல்லீங்க அக்கா. என்னுது" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "இத்தனை நாளா இத மனசுல வெச்சுக்கிட்டா இருந்தே, சாமி?" என்று மட்டும் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை, நீ கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு, உன் வீட்டில் வைத்து வேறொருவரிடம் சொன்னேன்.

இப்போதெல்லாம் ஏதாவது தவறினால் நானே போகிறேன். போன மாதம் ஒரு முதியவரின் பதிவில் ரத்த வகை மாறிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொன்னாலே போதும் என்றார்கள் மருத்துவமனையில். வண்டி போகாத ஏற்றத்தில் நடந்து அந்த வீட்டைத் தேடிப் போனேன். கதவு திறந்ததும் முதலில் என் பெயரைச் சொன்னேன்.