முன்வரிசையில் ஒரு தாய்

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்குக் கதாநாயகி வேடமே கிடைத்துவிட்டது. அதில் நடித்துவந்த, எங்கள் நாடகக் குழுவில் நான் அக்கா என்று கூப்பிடும் நடிகை காய்ச்சலில் இறந்துபோனார். வசனம் முழுக்க எனக்குத்தான் மனப்பாடம். அவருடைய உடுப்பும் எனக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

முதல் நாள், முன்வரிசையில் ஒரு வயதான அம்மா என்னோடு சேர்ந்து எல்லா வசனத்துக்கும் உதட்டை அசைத்தார். அக்காவின் தாயார். நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறைக்கு வந்து என் கன்னத்தைத் தொட்டார்.

"ஏண்டி இப்படி இளைச்சுட்டே? வா, வீட்டுக்குப் போகலாம்."

இயக்குநர் என் காதருகே, "ஏதாவது சொல்லி அனுப்பும்மா, பாவம்" என்றார்.

"நீ முன்னாடி போம்மா, வர்றேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். இப்போது எல்லா நாடகத்துக்கும் வருகிறார். நல்ல மனுஷிதான், நீ கவலைப்படாதே.

என் பழைய போர்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடு. நேற்றுத் தெருவில் யாரோ அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யோசிக்காமல் நான் திரும்பிவிட்டேன்.

மணி அடித்துவிட்டார்கள், மேடைக்கு ஓடுகிறேன்.

உன்னுடைய மகள்