மேசைக்கென்று பழக்கிய முகம்

டாக்டர்,

பேத்தி வாங்கி வைத்திருக்கும் புது சோப்பில் உங்கள் கை வாசம் அடிக்கிறது. மருந்து நெடியுள்ள அதே சிவப்பு சோப்பு. ஆபரேஷனுக்குப் போகிறவர்போல முழங்கை வரை கழுவித் துடைத்த பிறகுதான் நீங்கள் சீட்டுக்கட்டைத் தொடுவீர்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அதைத் தோட்டத்துக் குழாயடியில் வைத்துவிட்டேன்.

வாரமெல்லாம் செங்கல்பட்டில் நோயாளிகள், ஞாயிறு மதியம் நெம்மேலியில் உங்கள் கடற்கரை வீடு. கோவாவுக்குப் போய்ப் போக்கர் சீட்டாட்டப் போட்டிகளில் உட்காருகிறவர் நீங்கள் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. நான் சிங்கப்பெருமாள் கோயிலில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன், எட்டாவதோடு நின்றவன். உங்கள் கடற்கரை வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்த அன்று மேசையில் கிடந்த இங்கிலீஷ் போக்கர் புத்தகத்தை இரவல் வாங்கிப்போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் பழகிப் பார்க்க எதிரே உட்கார என்னைத்தான் கூப்பிட்டீர்கள்.

ஜெயிப்பது என் வேலை இல்லை. கையில் ஒன்றுமில்லாமல், ஏதோ இருப்பதுபோல் நீங்கள் பந்தயத்தை ஏற்றும்போது அதை முகத்தில் கண்டுபிடிக்க வேண்டும். சீக்கிரமே பிடித்துவிட்டேன்.

"இன்னா டாக்டர், நல்ல சீட்டு வந்தா கம்முனு கீறீங்க. ஒண்ணும் இல்லன்னாதான் டீ சாப்புடறீங்களா அண்ணாத்தன்னு கேக்குறீங்க."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சீட்டெல்லாம் சரிந்தது. "போலீசுல இருக்க வேண்டிய ஆளு நீங்க, இங்க வந்து காயில் கட்டிகினு கீறீங்க."

அந்த உபசாரத்தை உங்களிடமிருந்து கழற்ற வெகுநாள் ஆயிற்று. வாய் திறக்கும் முன்பே விரலை ஆட்டி நிறுத்துவேன். கடைசியில் உங்கள் முகத்தில் என்னாலேயே எதையும் படிக்க முடியாமல் போயிற்று.

"இந்த மூஞ்சிய பேஷண்டுங்க எதிர்ல காட்டிடாதீங்க டாக்டர்" என்றேன்.

"சே, இது மேசைக்கு மட்டும். ஒங்களுக்கு எப்பவும் பழைய மூஞ்சிதான்."

நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி சரோஜாவுக்கு வயிற்று வலி வந்தபோது உங்களிடம்தான் அழைத்து வந்தேன். ஸ்கேன் பார்த்துவிட்டு, அவளிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று என்னை வெளியே உட்கார வைத்தீர்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு, "குடல்ல புண்ணு அண்ணாத்த. மாத்திரைல சரியாப்பூடும்" என்றீர்கள். நான் ஸ்கேனைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்தேன். டீ சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை. நிம்மதியாக வீடு திரும்பினேன்.

புற்று என்பதைப் படுக்கையில் விழுந்த பிறகு அவளே சொன்னாள். "நான்தான்யா டாக்டர சொல்ல வேணாம்னேன். நீ மாடி கட்டிகினு இருந்த. தெரிஞ்சா அத்தினியும் வுட்டுட்டு என் பக்கத்துலயே ஒக்காந்துடுவ."

ஆமாம், உட்கார்ந்திருப்பேன்.

அவள் காரியம் முடிந்து உங்கள் கிளினிக்குக்கு வந்தேன். "அவங்க என் பேஷண்ட் அண்ணாத்த. சொல்லாதீங்கன்னு கேட்டாங்க. நான் இன்னா பண்றது?"

"சொல்லாம இருந்திருக்கலாம். புண்ணுன்னு எதுக்கு சொன்னீங்க?"

மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினீர்கள். பிறகு மெதுவாக, "டீ சாப்புடறீங்களா அண்ணாத்த" என்றீர்கள்.

எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு நெம்மேலிப் பக்கம் நான் போகவில்லை. நீங்கள் இறந்த அன்று உங்கள் தெருமுனை வரை வந்து, நின்று, திரும்பினேன். "அம்மா கேட்டதத்தானப்பா செஞ்சாரு, இன்னும் இன்னாத்துக்குக் கோவம்" என்கிறாள் என் மகள். சரோஜா அப்படிக் கேட்கலாம், அவளுக்கு உரிமை உண்டு. எனக்கு எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைப் போட்டுக்கொள்ள உங்களுக்கு என்ன உரிமை? போனவர் என்பதற்காக நான் இறங்கி வரப்போவதில்லை.

மாடிக்குத் தளம் போட ஆள் வந்திருந்த ஒரு நாள், சரோஜா படியடியில் நின்று, "மாமல்லபுரம் வரைக்கும் போயி கடலப் பாத்துட்டு வரலாமாயா" என்று கேட்டாள். "வேல முடியட்டும், அப்புறம் போலாம்" என்றேன். "சரி" என்று உள்ளே போனாள். இனி அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. அந்த "சரி" என் காதிலேயே இருக்கிறது, டாக்டர்.