கேள்விக்குறி உள்ள இலைகள்

இன்று காலை பேத்தியின் பள்ளி வேலைக்காக மைதாப் பசை காய்ச்சினேன். அடிப்பிடித்தது. அந்த வாசனையில் நீ வந்து நின்றாய் நண்பா, முழங்கை வரை பசையோடு.

நம் ஊர் ஆஸ்டின் டவுன் பகுதியில் அந்த மாடி அறையை நீ வாடகைக்கு எடுத்தது யூதப் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்புக்காக. இந்த ஊரில் நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்தாவது ஆள் எப்போதும் டிராஃபிக்கில் இருப்பார் என்றாய்.

வகுப்பின் ஆண்டு நிறைவுக்குச் சுவரில் ஒரு மரம் வைப்பதென்று முடிவானது. அடிமரம் முழுக்க ஹீப்ரு எழுத்துகள், பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் சுவரிலேயே வரைந்தவை. இலைகள் பச்சைக் காகிதம். அறைக்கு வருகிற எவரும் எழுதி ஒட்டலாம், ஆனால் கேள்வி மட்டும். படிப்பைக் கொண்டாடுவதென்றால் தெரியாததைக் கொண்டாட வேண்டும் என்பது உன் கட்சி. நான் கல்வியின் மேன்மை பற்றி இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்.

"இதுல கேள்விக்குறி எங்கப்பா?" என்று திருப்பித் தந்தாய். பத்திரிகையில் கருத்து எழுதுகிறவனுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை என்று விளக்கினேன். நீ ஏற்கவில்லை.

அப்போதுதான் வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து ஏறி வந்தார். சுவரைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பிய்த்துத் துடைத்தாக வேண்டும், இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. வேறு அறை உனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது. நீ வாதாடவில்லை. நாற்காலி போட்டு, ஓர் இலையைக் கொடுத்து, திட்டுவதானாலும் கேள்வியாக எழுதுங்கள் என்றாய். அவர் வெகுநேரம் யோசித்துத் தமிழில் எழுதினார்.

"உங்க சாமி ஏன் ஒரு படத்துலயும் இல்ல?"

அவ்வளவுதான், வகுப்பே இரண்டுபட்டது. பார்த்தால் பயந்துவிடுவோம் என்றது ஒரு பிள்ளை. காற்றுக்கு போட்டோ இருக்கிறதா என்று மடக்கியது இன்னொன்று. நீ கையைக் கட்டிக்கொண்டு ரசித்தாய். சண்டை முடியும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவருடைய இலையை நீ ஓரமாக ஒட்டப் போனபோது சொன்னார்: "கொஞ்சம் மேல ஒட்டுங்க சார், அங்க தெரியாது." சுவர் தப்பியது.

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. வகுப்பு இப்போது ஈஜிபுராவில் ஒரு வீட்டு ஹாலில் நடக்கிறது. மாடி அறைக்கு வேறு ஆள் வருகிறார். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டார். இருவருமாக ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி இலைகளை எடுத்தோம். எழுத்துகள் சுவரிலிருந்து வரவில்லை. அவற்றைப் பிள்ளைகள் புதிதாக எழுதிக்கொள்வார்கள்.

தன் இலையை மட்டும் அம்மா தரவில்லை. "இது என்கிட்டயே இருக்கட்டும் சார். அவர் பதிலே சொல்லாம போயிட்டாரே."

மீதியைப் பையில் போட்டுக்கொண்டு ஈஜிபுரா பஸ் ஏறினேன். ஒன்றுக்குக்கூட எனக்குப் பதில் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரர் பையை எட்டிப் பார்த்து, "என்ன சார், ஸ்கூல் வாத்தியாரா?" என்றார்.

இல்லை, படிக்கிறேன் என்றேன்.