நீ வாசித்த மன்றாட்டு

நன்னிலம்
10.2.2025

அன்பு மகள் ஜூலியட்டுக்கு,

ஆரோக்கிய அன்னை உன்னைத் தன் மடியை விட்டு இறக்காமல் வைத்திருக்கட்டும். போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று நம் வீட்டில் அன்பியச் செபக் கூட்டம். வந்தவர்கள்: உன் அப்பா, மரியபுஷ்பம், அவள் மருமகள், எல்வின், அவர் சம்சாரம், பாடல் குழுப் பெண்கள் இருவர், நான். ஆக எட்டுப் பேர். உன் அத்தை வரவில்லை. அவள் புருஷன் மதலைமுத்துவைச் சனிக்கிழமையே போலீஸ் அழைத்துப் போய்விட்டது. அந்த ஆளை இனி மாமா என்று எழுத மாட்டேன்.

நீ புகார் கொடுத்ததே எனக்குப் போலீஸ்காரர் வாயால்தான் தெரிந்தது. பெற்றவள் நான். பேராவூரணியில் உன்னைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துத் தையல் சொல்லித்தரும் ரஹ்மத் பீவிக்கு மூன்று மாதமாகத் தெரியுமாம். என்ன செய்து அவள் வாயைத் திறந்தீர்கள் என்று போனில் கேட்டேன். ஒன்றும் செய்யலைங்க, அவ அழுதா, பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என்றார்கள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குப் பொறாமை. இங்கே முள்ளைச் சாக்கு வைத்து மீனை ஒதுக்குகிறவள், அங்கே இரண்டாம் தரம் மீன் குழம்பு கேட்கிறாயாம். கதவைத் தாழ்ப்பாள் போட்டால்தான் தூங்குவாய் என்பது வரை அவர்களுக்குத் தெரிகிறது. செபமாலை முழுக்க அவர்கள் முகம்தான் வந்தது. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு மறுபடியும் பொறாமைப்பட்டேன்.

எப்போதிலிருந்து என்னை விலக்கினாய் என்று பார்க்கத்தான் அன்பிய நோட்டை எடுத்தேன். வந்தவர் பெயர், சொன்ன மன்றாட்டு எல்லாம் எழுதி வைப்பவள் ஆயிற்றே. அது நடந்ததாகப் புகாரில் இருக்கும் தேதி போன ஆகஸ்ட் ஆறு என்று போலீஸ்காரர் சொன்னார். பதினொன்றாம் தேதிக் கூட்டத்தில், வயல் வழியில் ஒருவன் நாசம் பண்ணிய கீழத்தெரு குந்தவைக்காக மன்றாட்டு. எழுதியது நான்: "பெண் பிள்ளைகள் நேரம் காலம் அறிந்து அடக்கமாக நடக்க வரம் தாரும்." வாசித்தது ஜூலியட் என்று நோட்டில் இருக்கிறது. பாதியில் உன் குரல் கம்மியது. சத்தமாப் படிடி என்று அதட்டினேன். அந்த ஆள், உன் அத்தை புருஷன், நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றான்.

அதற்குப் பிறகு நீ எப்படி என்னிடம் வருவாய்?

நேற்று வேறொன்று எழுதி நானே வாசித்தேன். ஒரு பெண் வந்து சொன்னால், எங்கே போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்காத வாயை எங்களுக்குத் தாரும். தப்பு செய்தவன் சொந்தக்காரன் என்றாலும் அவனுக்கு நாற்காலி போடாத கையைத் தாரும். குடும்ப மானத்தையா நோட்டில் எழுதுவாய் என்று மரியபுஷ்பம் எழுந்து போய்விட்டாள். அவள் மருமகள் போகவில்லை. கேட்டருளும் என்று முதலில் சொன்னவர் உன் அப்பா.

வருகிற திங்கட்கிழமை நீதிபதி முன்னால் நீ வாக்குமூலம் தரவேண்டுமாம். ரஹ்மத் பீவி கூட வருகிறார்களாம். வரட்டும். உன் கையை அவர்களே பிடித்துக்கொள்ளட்டும். நான் கோர்ட்டு வாசலில் நின்றுகொள்கிறேன், ஒன்றும் கேட்க மாட்டேன்.

வரலாமா, கூடாதா என்று மட்டும் சனிக்கிழமைக்குள் பதில் எழுது.

உன் அம்மா,
சவரியம்மாள்