சிஸ்டரிடம் சொல்ல வேண்டியது

ரோசம்மா அப்பாவுக்கு,

இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் கண்டி விடுதிச் சிஸ்டர் வரும்போது ரோசம்மாவை வணக்கம் சொல்ல வைக்காதீர்கள். அவள் முகம் பார்க்க மாட்டாள். தொட்டால் அலறுவாள். ரொட்டியில் சம்பல் படக்கூடாது. செவிடு என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் சொன்னது பிழை. காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்ததும் முதலில் காதைப் பொத்துவது அவள்தான்.

கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்கைக் கூடைக்குள் ஒளித்து எடுத்துப்போகிறேன். கட்டியிருப்பதைப் பார்த்தால் மலைக்குப் போகிறேன் என்று தெரிந்து பின்னாலேயே ஓடி வருவாள்.

"நமக்குப் பொறகு இவள யாரு பாக்கிறது, புள்ள?" என்று ராத்திரி கேட்டீர்கள். விடுதியில் விட்டால் அவர்கள் பார்ப்பார்கள் என்றீர்கள். நீங்கள் சொல்வதுதான் சரியோ என்றும் தோன்றுகிறது.

கடைசியாக ஒன்று: ராத்திரி நான் பேசாமல் இருந்தது சம்மதத்தினால் அல்ல. அவளை விடுதிக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. உங்களால் சொல்ல முடியாவிட்டால் இந்தச் சீட்டையே சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். இரவுப் பள்ளி எழுத்துதான், பிழை இருக்கும். பரவாயில்லை.